குடையும் கூடையும்: பாலர் வகுப்பில் பன்மொழிப் பாட்டு



சென்ற வாரம் ஒரு தந்தையார் பள்ளிக்கு வந்தார். அவருடைய மகன் எங்கள் தமிழ்ப்பள்ளியின் பாலர் வகுப்பில் பயில்கிறான். ஓய்வு நேரத்தில் சிற்றுண்டிச்சாலைக்கு அருகில் என்னைக் கண்டு, சற்றுத் தயக்கத்தோடு கேட்டார்.

"டீச்சர், தவறாக நினைக்காதீர்கள். பிள்ளையைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்புவதே தமிழ் படிக்கத்தான். அவன் வீட்டுக்கு வந்து மலாய்ப் பாட்டுப் பாடுகிறான். அதைக்கூட ஒப்புக்கொள்ளலாம். நேற்றுத் தெலுங்குப் பாட்டுப் பாடித் தங்கையைத் தூங்க வைக்கிறான். எங்கள் வீட்டில் யாருக்கும் தெலுங்கு தெரியாது. நீங்கள் வகுப்பில் என்னதான் சொல்லிக் கொடுக்கிறீர்கள்?"

கேள்வியில் கோபம் இல்லை, கவலை இருந்தது. மணி அடித்துவிட்டதால் நின்றபடியே இரண்டு வார்த்தைகளில் மறுமொழி சொன்னேன். அது போதாது என்று அன்று மாலை முழுவதும் மனம் உறுத்தியது. அவருக்குச் சொல்ல வேண்டியதை விரிவாக இங்கே எழுதுகிறேன். இதே ஐயம் வேறு பெற்றோருக்கும், பாலர் வகுப்பை நடத்தும் ஆசிரிய நண்பர்களுக்கும் இருக்கலாம்.

இசை நேரம் என் கைக்கு வந்த விதம்

முதலில் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் இசை கற்றவள் அல்லள். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எல்லாரையும் போல ரெக்கார்டர் குழலில் நான்கைந்து பாட்டு வாசிக்கக் கற்றேன், அவ்வளவே. பின்னர்ப் பல ஆண்டுகள் முதலாம் இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்குத் தமிழ் கற்பித்தேன். பாலர் வகுப்பு ஆசிரியை மகப்பேற்று விடுப்பில் சென்றபோது அவ்வகுப்பைத் தற்காலிகமாகப் பார்த்துக்கொள்ளுமாறு தலைமையாசிரியர் பணித்தார். அவர் திரும்பி வந்த பிறகும் வாரம் இருமுறை நடக்கும் இசை நேரம் மட்டும் என்னிடமே தங்கிவிட்டது.

அரைமணி நேரம், இருபத்தைந்து பிள்ளைகள். எல்லாரும் இந்தியப் பிள்ளைகள்தாம். ஆயினும் வீட்டுமொழி ஒன்றன்று. பாதிக்கு மேற்பட்டோர் வீட்டில் தமிழ் பேசுவோர். சிலர் வீட்டில் ஆங்கிலமே புழங்குகிறது. தாய் வேலைக்குச் செல்வதால் பக்கத்து மலாய்க்கார அம்மையாரிடம் வளர்ந்து, தமிழைவிட மலாயைச் சரளமாகப் பேசுவோர் இருவர். கீழ்ப் பேராக் வட்டாரம் என்பதால் தெலுங்கு வழியினரும் உண்டு. பாகான் டத்தோ, தெலுக் இந்தான் பக்கம் உள்ளவர்களுக்கு இது புதிய செய்தியன்று. தென்னந்தோட்டங்களில் வேலை செய்ய ஆந்திரப் பகுதியிலிருந்து வந்து தங்கிய தெலுங்குக் குடும்பங்கள் அங்கே தலைமுறைகளாக வாழ்கின்றன. அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தமிழ்ப்பள்ளிகளில்தான் பெரும்பாலும் படித்தார்கள், படிக்கிறார்கள்.

தமிழ்ப்பள்ளிப் பாலர் வகுப்பில் தமிழோடு மலாயும் ஆங்கிலமும் இடம்பெறுகின்றன. ஆகவே இசை நேரத்திலும் மூன்று மொழிப் பாட்டுகள் வேண்டும் என்று நானே முடிவு செய்து ஓர் அட்டவணை போட்டேன். அதைக் கோடு போட்டு, வண்ணம் தீட்டி, சுவரில் ஒட்டியும் வைத்தேன். என் தவறுகள் அங்கேதான் தொடங்கின.

முதல் தவறு: குடை கூடையானது

ஒரே பாட்டை மூன்று மொழிகளில் பாடினால் பிள்ளைகளுக்கு எளிதாக இருக்கும் என்று எண்ணினேன். மெட்டு ஒன்று, பொருள் ஒன்று, சொல் மட்டும் மாறும். எவ்வளவு வசதி! எல்லாருக்கும் தெரிந்த "டுவிங்கிள் டுவிங்கிள்" மெட்டை எடுத்துக்கொண்டு, மழை வருகிறது, குடை எடு, பள்ளிக்குப் போவோம் என்ற பொருளில் நானே தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் பாட்டுக் கட்டினேன். பிள்ளைகள் இரண்டே நாளில் மூன்றையும் பாடிவிட்டார்கள். எனக்கோ பெருமிதம்.

அடுத்த வாரம், பாடிக்கொண்டே நடிக்கச் சொன்னேன். குடை வரும் இடத்தில் சில பிள்ளைகள் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்தி எதையோ சுமப்பது போல நடந்தார்கள். "என்ன அது?" என்றேன். "கூடை, டீச்சர்!" என்றான் ஒருவன். பாட்டுக்குப் படம் வரையச் சொன்னபோது எழுவர் கூடை வரைந்திருந்தனர். மழையில் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போகும் படம் ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது.

முதலில் சிரித்தேன். பிறகு அந்தப் பாட்டை நானே மெதுவாகப் பாடிப் பார்த்தேன். தவறு பிள்ளைகளுடையதன்று. அம்மெட்டின் முதல் வரியில் ஏழு சுரங்கள். முதல் ஆறும் ஒரே நீளம், ஏழாவது மட்டும் இருமடங்கு. அதில் தமிழ்ச் சொற்களை அடுக்கியபோது குறிலுக்கும் நெடிலுக்கும் ஒரே அளவு நேரம் கிடைத்தது. 'கு' என்ற எழுத்து ஒரு முழுத் தட்டுக்கு நீண்டு 'கூ' ஆகிவிட்டது. நான்தான் இருபத்தைந்து பிள்ளைகளுக்கும் குடையைக் கூடை என்று கற்பித்திருக்கிறேன்.

ஆங்கிலத்தில் இச்சிக்கல் எழவில்லை. அம்மொழியில் அழுத்தம் விழும் அசை வலுவான தட்டோடு சேர்ந்தால் காதுக்கு ஒத்துப்போகிறது. மலாயில் உயிரெழுத்தை நீட்டினாலும் குறுக்கினாலும் சொல்லின் பொருள் மாறுவதில்லை. தமிழில் மாறும். பல், பால். படம், பாடம். விடு, வீடு. கல், கால். எழுதக் கற்கப்போகும் பிள்ளைக்கு இந்த வேறுபாடுதான் அடித்தளம். முதலாம் ஆண்டில் "பாடம்" என்று சொல்லி "படம்" என்று எழுதும் பிள்ளைகளோடு நான் எத்தனை ஆண்டு போராடியிருக்கிறேன்! அப்படிப்பட்ட நானே பாலர் வகுப்பில் அந்த வேறுபாட்டை அழித்துக்கொண்டிருந்தேன்.

குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை என்று நாம் எல்லாரும் படித்திருக்கிறோம். ஒரு மாத்திரை என்பது இயல்பாகக் கண் இமைக்கும் நேரம், அல்லது கைவிரலை நொடிக்கும் நேரம் என்று தொல்காப்பியம் அளவு சொல்கிறது. தேர்வுக்காக மனனம் செய்த அச்செய்தியை ஓர் இசைப் பயிற்சியாக நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. ஐந்து வயதுப் பிள்ளைக்கு விரல் நொடிக்க வராது. ஆகவே குறிலுக்கு ஒரு தட்டு, நெடிலுக்குத் தட்டிக் கைவிரித்தல் என்று மாற்றிக்கொண்டேன். 'குடை'க்கும் 'கூடை'க்கும் உள்ள வேறுபாடு இப்போது பிள்ளைகளின் உள்ளங்கையில் இருக்கிறது.

பேச்சின் தாளமும் இசையின் தாளமும் உறவுடையவை என்பது ஆய்வாளர்களும் கண்ட செய்தியே. அனிருத் பட்டேல், ஜோசப் டேனியலே என்னும் இருவர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலேய இசையமைப்பாளர்களின் கருவியிசையிலும் பிரெஞ்சு இசையமைப்பாளர்களின் கருவியிசையிலும் அவரவர் மொழியின் தாள வேறுபாடு பதிந்திருப்பதைக் காட்டினர். சொல்லே இல்லாத கருவியிசைக்கே இந்த நிலை என்றால், சொல்லோடு வரும் குழந்தைப் பாட்டைப் பற்றிக் கூற வேண்டியதில்லை.

மெட்டு ஊர் மாறிப் போவது குற்றம் என்று நான் சொல்லவில்லை. நாம் ஆங்கில மெட்டு என்று நினைக்கும் அந்த மெட்டே 1761இல் பிரான்சில் அச்சானது. ஜேன் டெய்லர் எழுதிய ஆங்கிலக் கவிதை 1806இல் வந்தது. இரண்டும் பிற்பாடு இணைந்தன. பொருந்தினால் எந்த மெட்டும் எந்த மொழிக்கும் வரலாம். பொருந்துகிறதா என்று காதால் கேட்டுப் பார்க்காமல், பொருளை மட்டும் பெயர்த்து மெட்டில் திணித்ததுதான் என் பிழை.

மொழிபெயர்ப்பு வேண்டாம், உடன்பிறந்த பாட்டைத் தேடுவோம்

அட்டவணையைக் கிழித்தேன். அதன்பின் ஒரு பாட்டைப் பெயர்ப்பதை விட்டுவிட்டு, அதைப் போன்ற பாட்டு மற்ற மொழியில் ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடத் தொடங்கினேன். தேடினால் கிடைக்கிறது.

மலாய்ப் பிள்ளைகள் பாடும் "பாங்காவ் ஓ பாங்காவ்" என்னும் பாட்டை நம்மில் பலர் அறிவோம். கொக்கைப் பார்த்து நீ ஏன் மெலிந்திருக்கிறாய் என்று கேட்க, அது மீனைக் குற்றம் சொல்லும், மீன் புல்லைச் சொல்லும். இப்படியே எருமை, வயிற்றுவலி, வேகாத சோறு, நனைந்த விறகு, மழை, தவளை என்று பழி கைமாறிக் கடைசியில் பாம்பிடம் போய் நிற்கும். நம்மிடமும் கொழுக்கட்டை வேகாததற்குக் காரணம் கேட்டுத் தொடங்கும் நாட்டார் சங்கிலிப் பாட்டு ஒன்று உண்டு. நான் சிறுமியாகத் தோட்டத்தில் கற்ற வடிவில், அங்கேயும் மழைதான் முதலில் பழி ஏற்கும், கடைசியில் எறும்பிடம் முடியும். இரண்டு மொழியிலும் அடுப்பு எரியாமல் போனதற்கு மழையே காரணம்! இதைப் பிள்ளைகளுக்கு நான் சொல்லவில்லை. இரண்டையும் இரண்டிரண்டு வாரம் பாடி நடித்த பிறகு ஒரு சிறுமி தானாகவே கண்டுபிடித்து, "டீச்சர், இங்கேயும் மழை, அங்கேயும் மழை" என்றாள். அந்த ஒரு வாக்கியத்திற்கு என் மூன்றுமொழி மழைப்பாட்டு முழுவதும் ஈடாகாது.

பாட்டுக்காக நாம் அலைய வேண்டியதும் இல்லை. குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவின் தொகுப்புகள் இருக்கின்றன. நம் மலேசிய மண்ணிலேயே ஆசிரியராகப் பணியாற்றிக் குழந்தைகளுக்காகப் பாடல்கள் எழுதிய முரசு நெடுமாறன் அவர்களின் பாடல்கள் இருக்கின்றன. தமிழ்ச் சொல்லின் இயல்பான ஓசையிலேயே சந்தம் அமைந்த பாடல்கள் அவை. கையால் தட்டிப் பார்த்தாலே தெரியும்.

இரண்டாவது தவறு

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதாவிட்டால் அந்தத் தந்தையாரின் கேள்விக்கு உண்மையான மறுமொழி ஆகாது.

சில ஆண்டுகளுக்கு முன்பு வகுப்பில் ஒரு சிறுமி இருந்தாள். ஒடிசலான உடல், பெரிய கண்கள், குறைவான பேச்சு. ஒரு நாள் தாலாட்டு வேளை. துணிப்பொம்மைகளை மடியில் போட்டுக்கொண்டு எல்லாரும் தமிழ்த் தாலாட்டு ஒன்றைப் பாடிக்கொண்டிருந்தோம். அச்சிறுமியின் வாய் மட்டும் வேறு எதையோ பாடியது. மெட்டும் வேறு, சொல்லும் புரியவில்லை. அருகில் இருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். வகுப்பு கலைந்துவிடுமோ என்ற அவசரத்தில், "கண்ணு, இது தமிழ்ப் பாட்டு நேரம். தப்பாகப் பாடக்கூடாது, எல்லாரோடும் சேர்ந்து பாடு" என்றேன். கடிந்து சொல்லவில்லை, மென்மையாகத்தான் சொன்னேன். மென்மையாகச் சொன்னால் காயம் படாது என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம்.

அதன்பின் மூன்று வாரம் அவள் இசை நேரத்தில் வாய் திறக்கவில்லை. பொம்மையை எடுப்பாள், மடியில் வைத்துக்கொள்வாள், ஆட்ட மாட்டாள். எனக்கு அது உடனே தெரியவும் இல்லை என்பதுதான் வெட்கம். இருபத்தைந்து பேரில் பாடாத ஒரு பிள்ளை சத்தம் போடுவதில்லையே. பாலர் வகுப்பு உதவியாளர்தான் கவனித்துச் சொன்னார்.

நான்காம் வாரம் அவளுடைய பாட்டியார் அழைத்துப் போக வந்தார். பேத்தி பள்ளியில் பாடுவதில்லையே, வீட்டில் பாடுவாளா என்று கேட்டேன். அவர் சற்று நேரம் என்னைப் பார்த்தார்.

"வீட்ல பாடிக்கிட்டுத்தான் இருந்தா, டீச்சர். இப்ப நான் பாடுனாலும், வேணாம் அம்மம்மா, அது தப்புப் பாட்டுன்னு சொல்லி என் வாயைப் பொத்துறா. அது தப்புப் பாட்டு இல்லம்மா. என் அம்மா எனக்குப் பாடுன ஜோலப்பாட்டு. தெலுங்கு."

என்னால் உடனே பேச முடியவில்லை. ஐந்து வயதுப் பிள்ளை ஆசிரியையின் ஒரு சொல்லை வீட்டுக்கு எடுத்துப் போய்ப் பாட்டியின் வாயை மூடியிருக்கிறாள். அந்த வீட்டில் அப்பாட்டைப் பாடத் தெரிந்தவர் அந்த மூதாட்டி ஒருவர்தான் என்பதும், பிள்ளைகளெல்லாம் தமிழ்ப்பள்ளியில் படித்துத் தமிழே பேசி வளர்ந்துவிட்டார்கள் என்பதும் அவர் சொல்லித்தான் தெரிந்தது. அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. "நாங்களும் தமிழ்ஸ்கூல்தாம்மா" என்றார்.

தமிழ் இந்நாட்டில் நசுங்கிவிடக் கூடாது என்பதற்காகவே நான் இந்தப் பணிக்கு வந்தேன். பெரிய மொழியின் நடுவே சிறிய மொழி எப்படி வாய்மூடிப் போகும் என்பதை மேடைகளில் பேசியும் இருக்கிறேன். என் வகுப்பறையில் பெரிய மொழி தமிழ், சிறிய மொழி தெலுங்கு. அது எனக்குத் தோன்றவே இல்லை.

"அம்மா, நான்தான் அப்படிச் சொன்னேன். வெள்ளிக்கிழமை வகுப்புக்கு வந்து எங்கள் எல்லாருக்கும் அந்தப் பாட்டைச் சொல்லித் தருவீர்களா?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். ஆனால் வந்தார். நல்ல சேலை கட்டிக்கொண்டு, நாற்காலி வேண்டாம் என்று பாயில் அமர்ந்து பாடினார். தெலுங்கில் சொற்கள் பெரும்பாலும் உயிரொலியில் முடிவதால் பாட்டு வழுக்கிக்கொண்டு போனது. முதல் வாரம் பேத்தி பாடவில்லை, பாட்டியின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டாம் வாரம் எங்கள் உச்சரிப்பைத் திருத்தினாள். முதலில் என்னைத்தான் திருத்தினாள்.

அந்தப் பாட்டைத்தான், ஆண்டுதோறும் வகுப்பு மாறினாலும், இன்று அந்தத் தந்தையாரின் மகன் தன் தங்கைக்குப் பாடிக்கொண்டிருக்கிறான்.

இப்போது வகுப்பு நடக்கும் முறை

ஆசிரிய நண்பர்களுக்குப் பயன்படலாம் என்பதால் அரைமணி நேரத்தைப் பிரித்துச் சொல்கிறேன்.

1. வணக்கப் பாட்டு. எப்போதும் தமிழ், எப்போதும் அதே பாட்டு. ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் பாடி அழைப்போம். வேறு எது மாறினாலும் தொடக்கம் மாறக்கூடாது, சிறு பிள்ளைகளுக்கு அதுவே தைரியம்.

2. தாளம். இங்கே எந்த மொழியும் இல்லை. 'தகதிமி' நான்கு, 'தகிட' மூன்று. தொடையிலும் தரையிலும் தட்டுவோம். ஹங்கேரி நாட்டு இசையறிஞர் ஸோல்தான் கோடாய் வழியினர் பிள்ளைகளுக்குத் தாளத்தை 'தா', 'தி-தி' என்று அசைகளால் கற்பிக்கிறார்கள். நம் சொற்கட்டும் அதே வேலையைத்தான் நெடுங்காலமாகச் செய்கிறது. தமிழ் பேசும் பிள்ளை, ஆங்கிலம் பேசும் பிள்ளை, மலாய் பேசும் பிள்ளை மூவரும் ஒரே இடத்தில் நிற்கும் ஐந்து நிமிடம் இது. ஒருவர் முந்துவதும் இல்லை, ஒருவர் பின்தங்குவதும் இல்லை.

3. அந்த வாரத்துப் பாட்டு. இரண்டு வாரத்துக்கு ஒரே மொழி, ஒரே பாட்டு. ஒரு வேளையில் இரண்டு மொழிகளைக் கலப்பதில்லை. எந்த மொழி என்பதற்கு ஓர் அடையாளம் வைத்திருக்கிறேன். அட்டையில் செய்த வாவ் பட்டத்தை எடுத்தால் மலாய், சிவப்புத் தொப்பியை அணிந்தால் ஆங்கிலம், பாட்டியார் தந்த சேலைத் துண்டைத் தோளில் போட்டால் தெலுங்கு. விளக்கம் தேவைப்படுவதில்லை.

4. கருவி. விலைக்கு வாங்கியது ஒரு சிறிய சைலோபோன் மட்டும். மற்றவை அரிசி போட்டு மூடிய மைலோ டின், கொட்டாங்கச்சி, பழைய வாளி. சைலோபோனில் 'ம', 'நி' ஆகிய சுரங்களுக்குரிய கட்டைகளைக் கழற்றி வைத்துவிடுகிறேன். ஜெர்மானிய இசையறிஞர் கார்ல் ஓர்ஃப் வழியினரின் முறை இது. மிஞ்சும் ஐந்து சுரங்களில் பிள்ளை எதைத் தட்டினாலும் பெரிதாக அபசுரம் தோன்றாது. அந்த ஐந்தும் நம் மோகனத்தின் சுரங்கள். சீனரின் புகழ்பெற்ற மல்லிகைப்பூப் பாட்டும் ஐந்து சுரங்களால் ஆனதுதான். அடுத்திருக்கும் சீனப்பள்ளியிலிருந்து காற்றில் வரும் பாட்டு நம் பிள்ளைகளுக்கு அந்நியமாகத் தோன்றாததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

5. தாலாட்டு. விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டு பாடுவோம். பெரும்பாலும் தமிழ். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் யாராவது ஒரு பிள்ளையின் வீட்டிலிருந்து வந்த பாட்டு.

தந்தையாரின் கேள்விக்கு

இனி நேரடியாக மறுமொழி சொல்கிறேன்.

பல மொழிகளில் பாடினால் பிள்ளை குழம்புமா? பிறந்த குழந்தையின் காது எல்லா மொழிகளுக்கும் திறந்திருக்கிறது. ஜேனட் வெர்க்கர், ரிச்சர்டு டீஸ் என்னும் ஆய்வாளர்கள் 1984இல் வெளியிட்ட ஆய்வு, ஆறேழு மாதக் குழந்தைகள் தம் வீட்டில் பேசாத மொழிகளின் நுண்ணிய ஒலி வேறுபாடுகளையும் கண்டுகொள்வதையும், ஓராண்டு நெருங்கும்போது அத்திறன் மங்குவதையும் காட்டியது. கேட்டுப் பழகாத ஒலிக்குக் காது மெல்ல மெல்ல மூடிக்கொள்கிறது. என் வகுப்பில் பல மொழிகளில் பாடியதால் குழம்பிய பிள்ளையை நான் கண்டதில்லை. ஒரே பாட்டை நான் மூன்று மொழிகளில் திணித்தபோது குழம்பிய எழுவரைக் கண்டேன். குழப்பம் மொழிகளின் எண்ணிக்கையால் வருவதில்லை, நாம் கற்பிக்கும் விதத்தால் வருகிறது.

தமிழ் குறைந்துபோகுமா? குறையக்கூடாது என்பதில் நானும் அவர் பக்கமே. அதனால்தான் தொடக்கமும் முடிவும் தமிழ். கோடாயும் இதையே வலியுறுத்தினார்: குழந்தையின் இசைக்கல்வி அதன் தாய்மொழி நாட்டார் பாட்டிலிருந்து தொடங்க வேண்டும். நம் முன்னோர் இன்னும் ஒருபடி மேலே போனார்கள். பிள்ளைத்தமிழ் நூல்களின் பருவங்களைப் பாருங்கள். தாலப் பருவத்தில் தாலாட்டு, சப்பாணியில் கைகொட்டல், அம்புலியில் நிலாவை அழைத்தல், சிறுபறையில் பறை முழக்கல். குழந்தையின் வளர்ச்சியை மாதக் கணக்கில் வகுத்து, ஒவ்வொரு படிக்கும் ஓசையும் உடலசைவும் கொடுத்திருக்கிறார்கள். 'தால்' என்றால் நாக்கு, நாவை ஆட்டிப் பாடுவதால் தாலாட்டு. இவ்வளவு செல்வம் உள்ள மொழி பக்கத்தில் இன்னொரு பாட்டு ஒலிப்பதால் தேய்ந்துவிடாது. வீட்டில் பேசாமல் விட்டால்தான் தேயும்.

பாட்டால் ஆகாதவையும் உண்டு என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பாடுவது வேறு, பேசுவது வேறு. கொக்குப் பாட்டை ஒரு சொல் பிசகாமல் மலாயில் பாடும் பிள்ளை, தாகம் எடுத்தால் மலாயில் தண்ணீர் கேட்கத் தெரியாமல் நின்றதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே பாட்டு முடிந்ததும் அதிலிருந்து இரண்டு சொற்களை மட்டும் எடுத்து அன்று முழுவதும் புழங்க விடுகிறோம். அரைமணி நேர இசை எந்த மொழியையும் காப்பாற்றாது. மொழியின் மீது அச்சமும் வெட்கமும் வராமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவே.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள்

ஒரு தாயார் என்னிடம், "எனக்குத் தாலாட்டே தெரியாது டீச்சர், கைப்பேசியில்தான் போட்டு விடுகிறேன்" என்று தலைகுனிந்து சொன்னார். தலைகுனிய ஒன்றுமில்லை. அவருக்குப் பாடியவர்கள் அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து பால்மரம் வெட்டப் போனவர்கள். ஆயாக் கொட்டகையில் வளர்ந்த பிள்ளைக்குத் தாலாட்டு தெரியாமல் போனதில் யாரைக் குறை சொல்வது? உங்கள் தாயாரோ மாமியாரோ இருந்தால் அவர்களிடம் ஒரு பாட்டுக் கேளுங்கள். அதே கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். எந்த மொழியாக இருந்தாலும் சரி, சுருதி சேராவிட்டாலும் சரி. பிள்ளைக்கு வேண்டியது உங்கள் குரல்.

ஆசிரியர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். புரியாத ஒன்றைப் பிள்ளை பாடினால், 'தப்பு' என்று சொல்வதற்கு முன், 'இதை யார் உனக்குச் சொல்லித் தந்தார்கள்?' என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை. அதனால் ஒரு மூதாட்டியின் வாயைப் பேத்தியின் கை மூன்று வாரம் பொத்தியிருந்தது.

அந்தச் சிறுமி இப்போது மூன்றாம் ஆண்டில் படிக்கிறாள். பாட்டியார் ஜொகூரில் உள்ள இளைய மகள் வீட்டுக்குப் போய்விட்டார். சேலைத் துண்டு வகுப்பறை அலமாரியில் இருக்கிறது.

இவற்றில் கால்வாசியைத்தான் அன்று சிற்றுண்டிச்சாலை ஓரத்தில் நின்று அந்தத் தந்தையாரிடம் சொல்ல முடிந்தது. அவர் அமைதியாகக் கேட்டார். புறப்படும்போது, தம் தாயார் தொட்டிலில் போட்டுப் பாடிய பாட்டு ஒன்று உண்டு என்றும், பாதிதான் நினைவில் இருக்கிறது என்றும் சொன்னார். "பாதி போதும், ஒரு வெள்ளிக்கிழமை வாருங்கள்" என்றேன். ஆண்கள் தாலாட்டுப் பாடினால் பிள்ளைகள் சிரிப்பார்களே என்றார். சிரிக்கட்டும் என்றேன். வருவதாகச் சொல்லவில்லை, மறுக்கவும் இல்லை. பாய் விரித்து வைத்திருக்கிறேன்.